சாயத்தொட்டியும் சுழிக்கணக்கும்

சென்ற கோடையில் பொன்னமராவதிக்கு அருகே ஒரு சாயத்தொட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நூலுக்குச் சாயமேற்றி முடித்திருந்தார்கள். தொட்டியில் எஞ்சிய நீரைக் கண்மாய்க்குச் செல்லும் வரத்துக்காலில் திறந்துவிடுவதற்கு முன்னர், அங்கிருந்த பெரியவர் பத்துக் குடம் நல்ல நீரை அதில் ஊற்றச் சொன்னார். முந்திய வாரம் ஒருவர் கருவி கொண்டு அளந்து, நீரின் பி.எச். எண் 13 என்று கூறிச் சென்றிருந்தாராம். "ஒன்பது வரைக்கும் விடலாம் என்கிறார்கள். பதின்மூன்றுக்கும் ஒன்பதுக்கும் நான்குதானே தம்பி வித்தியாசம்? இவ்வளவு தண்ணீர் ஊற்றினால் அந்த நான்கு இறங்காதா?" என்றார். அவ்வேளை நான் மறுமொழி கூறவில்லை. கூறியிருந்தாலும் நின்றபடியே விளக்கிவிடக்கூடிய விஷயமன்று. அன்று கூறாததை இன்று இங்கே எழுதுகிறேன்.

அப்பெரியவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஈர நூலின் நிறத்தைப் பார்த்தே, உலர்ந்த பின் அது என்ன நிறமாகும் என்று சொல்லும் தேர்ச்சி அவருக்கு உண்டு, எனக்கு இல்லை. அவர் செய்த பிழை ஒன்றுதான். பி.எச். எண்ணை அவர் ரூபாயைப் போல எண்ணினார். பதின்மூன்று ரூபாயில் நான்கு ரூபாய் கழித்தால் ஒன்பது ரூபாய் மீதி. ஆனால் இவ்வெண் அந்த வகையைச் சேர்ந்ததன்று. நம் சங்கத்தில் நெசவாளரும் இருக்கிறார்கள், உழவரும் இருக்கிறார்கள். ஒருவருடைய தொட்டி நீர் மற்றவருடைய வயலுக்குப் போய்ச் சேரும்படி அமைந்த நாடு இது. கண்மாயும் வரத்துக்காலும் இருவருக்கும் பொது. ஆகையால் இந்தக் கணக்கை இரு சாராரும் கற்றுக்கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம். படித்த பிள்ளை ஒருவன் இருந்தால் போதும், அவன் பார்த்துக்கொள்வான் என்று கூறுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. வட்டிக் கணக்கை நாம் அவ்வாறு பிறரிடம் விட்டுவிட்டு இருக்கிறோமா?

கணக்கு கடினமானதன்று. தூய நீரிலும் மிகச் சிறிய ஒரு பகுதி பிரிந்து, ஹைட்ரஜன் அயனி என்றும் ஹைட்ராக்சில் அயனி என்றும் இரு கூறாக நிற்கிறது. முன்னது மிகுந்தால் நீர் புளிக்கும் தன்மையுடைய அமிலமாகிறது; பின்னது மிகுந்தால் வழுவழுப்பான காரமாகிறது. தூய நீரில் இரண்டும் சரிசமம். 25 பாகை வெப்பத்தில் லிட்டர் ஒன்றுக்கு ஒவ்வொன்றும் 0.0000001 மோல் இருக்கிறது. நாம் நூலைச் சிட்டம், கட்டு என்று எண்ணுவதைப் போல, வேதியியலார் கண்ணுக்குப் புலப்படாத துகள்களை மோல் என்னும் கட்டாக எண்ணுகின்றனர். காஸ்டிக் சோடாவில் 40 கிராம் ஒரு மோல்; அசெட்டிக் அமிலத்தில் 60 கிராம் ஒரு மோல்; ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 36.5 கிராம் ஒரு மோல். இம்மூன்று எடைகளை நினைவில் வைத்துக்கொண்டால் சாயக்கொட்டகைக்கு வேண்டிய கணக்கில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

இத்தனை சுழிகளை ஒவ்வொரு முறையும் எழுதுவது தொல்லை. டென்மார்க்கு நாட்டில் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சென் என்னும் அறிஞர் 1909-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு சுருக்க வழி கண்டார். (அந்த ஆய்வுக்கூடத்தை நிறுவியது பீர் வடிக்கும் ஆலை, மதுவிலக்கில் பற்றுடைய நம் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.) ஒன்று என்னும் எண்ணை எத்தனை முறை பத்தால் வகுத்தால் ஹைட்ரஜன் அயனியின் செறிவு கிடைக்கிறதோ, அந்த எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதும் என்றார். 0.0000001 என்பது ஏழு முறை வகுத்தது. ஆகவே தூய நீரின் பி.எச். 7. ஹைட்ராக்சில் அயனிக்கும் இவ்வாறே எழுதும் எண்ணே பி.ஓ.எச். எனப்படுவது. இரு செறிவுகளையும் பெருக்கினால் எப்பொழுதும் 10⁻¹⁴ வரும் என்பது நீரின் இயற்கை. எனவே பி.எச்., பி.ஓ.எச். இரண்டையும் கூட்டினால் 14. ஒன்று தெரிந்தால் மற்றொன்றைப் பதினான்கிலிருந்து கழித்துப் பெறலாம். இந்த 14 என்பது 25 பாகைக்கு உரியது. 60 பாகையில் கொதிநிலை நோக்கிச் சூடேறும் தொட்டியில் அக்கூட்டுத்தொகை ஏறத்தாழ 13 ஆகிவிடுகிறது. அங்கே நடுநிலை ஏழன்று, ஆறரை. சூடான நீரை அளந்துவிட்டுக் குளிர்ந்த நீரின் கணக்கோடு ஒப்பிடுவோர் இதை மறக்கலாகாது.

அப்படியானால் பி.எச். எண் ஒன்று மாறினால் செறிவு பத்து மடங்கு மாறுகிறது. இரண்டு மாறினால் நூறு மடங்கு. மூன்று மாறினால் ஆயிரம் மடங்கு. இடையிலுள்ள பின்னங்களுக்கு மூன்று மடக்கைகளை மனப்பாடம் செய்தால் போதும்: 2-க்கு 0.30, 3-க்கு 0.48, 5-க்கு 0.70. நம் முன்னோர் அரைக்கால், வீசம், மாகாணி என்று மனத்திலேயே பெருக்கியவர்கள். இது அவ்வளவு கூட இல்லை. ஒரு லிட்டரில் 0.02 மோல் ஹைட்ராக்சில் அயனி இருக்கிறது என்று கொள்வோம். அது 2 × 10⁻². பி.ஓ.எச். 2 கழித்தல் 0.30, அதாவது 1.70. பி.எச். 12.30. திருப்பியும் செய்யலாம். கருவி 12.70 காட்டினால் பி.ஓ.எச். 1.30, ஆகவே ஹைட்ராக்சில் அயனி லிட்டருக்கு 0.05 மோல், அதைத் தந்தது காஸ்டிக் சோடாவாயின் லிட்டருக்கு 2 கிராம். இக்கணக்கில் எண்ணிலிருந்து எடைக்கு வந்துவிட்டோம் என்பதைக் கவனிக்க வேண்டும். எடை தெரிந்தால் பணம் தெரியும். எவ்வளவு அமிலம் வேண்டும் என்பதும் தெரியும்.

இனி அந்தப் பெரியவருடைய தொட்டிக்கு வருவோம். நூறு லிட்டர் நீர்; அதில் 400 கிராம் காஸ்டிக் சோடா. லிட்டருக்கு 4 கிராம், அதாவது பத்தில் ஒரு மோல். பி.ஓ.எச். 1, பி.எச். 13. கருவி கொண்டுவந்தவர் சரியாகவே அளந்திருக்கிறார். இதை நீர் ஊற்றியே இறக்குவதானால், பன்னிரண்டாக்குவதற்கு நூறு லிட்டரை ஆயிரம் லிட்டராக்க வேண்டும். பதினொன்றாக்குவதற்குப் பத்தாயிரம் லிட்டர். பத்தாக்குவதற்கு ஒரு லட்சம் லிட்டர். ஒன்பதாக்குவதற்குப் பத்து லட்சம் லிட்டர்! பதினாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் நூறு வந்து நிற்கவேண்டும். அவர் ஊற்றச் சொன்னது பத்துக் குடம். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தாலும், நூறு லிட்டர் இருநூற்றைம்பது லிட்டராகும், பி.எச். 13-லிருந்து 12.6-க்கு இறங்கும். அவ்வளவே. தண்ணீருக்குத் தவிக்கும் நம் பக்கத்தில் நூற்றைம்பது லிட்டர் நல்ல நீரும் வீண்.

இதற்கு ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். கண்மாய் நீரும் கிணற்று நீரும் தூய நீர் அல்லவே. அவற்றில் கரைந்துள்ள பைகார்பனேட்டும் காற்றிலிருந்து வரும் கரியமில வாயுவும் காரத்தை ஓரளவு மட்டுப்படுத்துமே என்பார்கள். உண்மைதான். ஏட்டுக்கணக்கு கூறுவதைவிடச் சற்று விரைவாகவே எண் இறங்கும். ஆனால் அந்த மட்டுப்படுத்தும் பொருள் யாருடையது? ஊர்ப் பொதுக் கண்மாயினுடையது. மேலும், அப்படி மாறிய காஸ்டிக் சோடா மறைந்துபோவதில்லை. சலவைச் சோடாவாகவும் சோடா உப்பாகவும் நீரிலேயே தங்குகிறது. கோடையில் கண்மாய் வற்ற வற்ற அதன் செறிவு ஏறும். உழவர்கள் களர் என்று கூறும் நிலம் இந்தச் சோடியத்தால் கெட்ட நிலமே.

நீரால் ஆகாததை அமிலம் செய்யும். இங்குதான் கணக்கின் உண்மையான பயன் தெரிகிறது. அந்தத் தொட்டியில் உள்ள 400 கிராம் காஸ்டிக் சோடா பத்து மோல். அதற்கு ஈடு பத்து மோல் அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலமானால் 365 கிராம். அசெட்டிக் அமிலமானால் 600 கிராம். நூறு லாரி நீர் ஒரு பக்கம், ஒரு புட்டி அமிலம் மறுபக்கம். இதைக் காகிதத்தில் எழுதிப் பின்னொரு நாள் அப்பெரியவரிடம் காட்டினேன். நூறு லாரி என்ற இடத்தில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அறுநூறு கிராம் என்ன விலை?" என்று கேட்டார். சாயக்காரர் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

விலை மலிவு என்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நாடுவோர் பலர். அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேற்படி தொட்டியில் சரியாக 365 கிராம் சென்றால் பி.எச். 7. கை தவறி நூற்றில் ஒரு பங்கு, அதாவது மூன்றரை கிராமுக்குச் சற்று மேல், கூடுதலாக விழுந்தால் என்ன ஆகும்? ஏழு ஆறரையாகும் என்று நினைப்போம். ஆகாது. லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மோல் அமிலம் மிச்சமாகி, எண் ஒரே பாய்ச்சலில் 3 ஆகிவிடும். அதே ஒரு பங்கு குறைந்துபோனால் 11-இல் நிற்கும். நூற்றில் ஒரு பங்கு இப்பக்கமோ அப்பக்கமோ சாய்வதற்குள் பதினொன்றிலிருந்து மூன்று வரை பாய்கிறது. கடையில் விற்கும் அமிலமோ முழு வலிமை உடையதன்று; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அமிலம், மிகுதி நீர். கைக்கணிப்பாக ஊற்றுவோர் நூற்றில் ஒரு பங்கு துல்லியத்தை எவ்வாறு காப்பார்கள்?

அசெட்டிக் அமிலம் இவ்வாறு பாய்வதில்லை. அது மெலிந்த அமிலம். தன் அயனியைச் சிறிது சிறிதாகவே விட்டுக்கொடுக்கும். சரி ஈடாக 600 கிராம் இட்டால் எண் ஏழாகாமல் 8.9 அருகில் நிற்கும். காரணம், உண்டான சோடியம் அசெட்டேட்டு உப்பே சற்றுக் காரத்தன்மை உடையது. அதற்கு மேல் நூற்றில் ஒரு பங்கு, ஆறு கிராம், கூடுதலாக விழுந்தாலும் 6.7-க்கு வந்து நின்றுவிடும். பிழையைப் பொறுக்கும் அமிலம் என்று இதைச் சொல்லலாம். பருத்தி நெசவாளருக்கு இது சிறு விஷயமன்று. காரத்தைப் பருத்தி தாங்கும்; வன்மையான அமிலத்தைத் தாங்காது. நூலில் எஞ்சிய ஹைட்ரோகுளோரிக் அமிலம், நூல் உலர உலரச் செறிவு மிகுந்து இழையை அரிக்கும். பாவில் இழை அடிக்கடி அறுந்தால், பஞ்சையும் பசையையும் குறை கூறுவதோடு, கடைசி அலசல் நீரின் எண்ணையும் பார்க்கவேண்டும். பட்டுக்கு இதற்கு மாறான நிலை. காரமே அதற்குப் பகை.

சலவைச் சோடாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியான் என்னும் சாயவகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது முதல், பருத்தியோடு இரசாயனப் பிணைப்புக் கொள்ளும் சாயங்கள் பரவின. அவை பிணைவதற்குக் காரம் வேண்டும். பெரும்பாலும் சலவைச் சோடாவே இடப்படுகிறது. இதற்குக் காஸ்டிக் சோடாக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை தவறும். லிட்டருக்கு 10.6 கிராம் சலவைச் சோடா பத்தில் ஒரு மோல். ஆனால் அது முழுதும் ஹைட்ராக்சிலாக மாறுவதில்லை. அதன் கார மாறிலி 2.1 × 10⁻⁴. அதைச் செறிவாகிய 0.1-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் ஹைட்ராக்சில் செறிவு 0.0046 மோல். பி.ஓ.எச். 2.34, பி.எச். 11.66. அதே மோல் அளவு காஸ்டிக் சோடா 13 தரும் என்பதைக் கண்டோம். ஒன்றரைக்குச் சற்றுக் குறைந்த வேற்றுமைதான். ஆனால் செறிவில் இருபது மடங்குக்கு மேல். சோடா தீர்ந்துவிட்டதென்று காஸ்டிக்கை அதே அளவில் அள்ளிப் போடுவோர் இங்கேதான் கெடுகிறார்கள். காரம் மிகுந்தால் சாயம் நூலைப் பற்றுவதற்குப் பதிலாக நீரோடு வினைபுரிந்து வீணாகிறது. கெட்டது கண்மாய் மட்டுமன்று, சாயத்துக்குக் கொடுத்த பணமும்தான்.

இவ்வளவு கூறியதால், ஏழு என்று காட்டிவிட்டால் நீரைத் திறந்துவிடலாம் என்று யாரும் கருதவேண்டா. காரமும் அமிலமும் ஒன்றையொன்று கொன்ற பின் உப்பு எஞ்சுகிறது. மேற்சொன்ன தொட்டியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்கினால் லிட்டருக்கு 5,850 மில்லிகிராம் சாதாரண உப்பு. அசெட்டிக் அமிலத்தால் ஆக்கினால் 8,200 மில்லிகிராம் சோடியம் அசெட்டேட்டு. வெளிவிடும் கழிவு நீரில் கரைந்த உப்புகளுக்கு விதித்த எல்லை 2,100 மில்லிகிராம். சாயம் ஏறுவதற்கென்று லிட்டருக்கு 30 கிராம் முதல் 80 கிராம் வரை இடும் உப்பை இதில் நான் சேர்க்கவே இல்லை. அதைச் சேர்த்தால் எல்லையைப் பற்றிப் பேசுவதே வீண். அசெட்டேட்டை நுண்ணுயிர்கள் உண்ணும், உண்ணும்போது நீரிலுள்ள பிராணவாயுவையும் உண்டுவிடும், மீன் சாகும். எனவே நடுநிலையாக்கிய நீரும் வரத்துக்காலுக்கு உரியதன்று. கசியாத தளமிட்ட தொட்டியில் தேக்கி வெயிலில் வற்றவைத்து, உப்பை அள்ளிவிடுவதே நம்மைப் போன்ற சிறு தொழிலாளர்க்கு இயலும் வழி. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை.

இது வீண் அச்சமன்று என்பதற்கு நொய்யல் ஆறு சான்று. திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ஆம் ஆண்டு பாசனத்திற்கென அணை கட்டி முடிக்கப்பட்டது. அதில் தேங்கியது சாயக்கழிவு. பாசனத்திற்குக் கட்டிய அணையின் நீர் எங்களுக்கு வேண்டா என்று பாசன உழவர்களே நீதிமன்றம் ஏறினார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறையில் வேலை செய்தவர்கள் ஒரே நாளில் வேலையிழந்தார்கள்; உழவர்கள் நிலத்தை அதற்கு முன்பே இழந்திருந்தார்கள். அங்கே உழவர் ஒரு பக்கமும் சாயத்தொழிலார் மறுபக்கமும் நின்று வழக்காடினர். நாம் இரு சாராரும் ஒரே சங்கத்தின் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்கள். நம்முள் அத்தகைய வழக்கு வருமுன் தொட்டியருகிலேயே கணக்குப் பார்த்துவிடுவது எளிது.

உழவர்கள் இதுவரை படித்துவிட்டு, இது நெசவாளர்க்கு உரிய பாடம் என்று எண்ணியிருக்கலாம். அவர்களுக்கும் உண்டு. 2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு அளவுகள் குறிக்கப்படுகின்றன; அவற்றுள் பி.எச். ஒன்று. அட்டை வந்ததும் நாம் அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். ஒரு முறை என் உறவினர் ஒருவருடைய கடலைக் கொல்லையில் நான்கு மூலையிலும் மண் எடுத்து நான்கையும் தனித்தனியே சோதித்தார்கள். எண்கள் 6.2, 6.4, 6.3, 8.9. ஆலோசனை கூற வந்தவர் நான்கையும் கூட்டி நான்கால் வகுத்து 6.95 என்று எழுதி, "அருமையான மண், ஒன்றும் செய்யவேண்டா" என்று கூறிச் சென்றார். கடலை நான்காவது மூலையில் மட்டும் மஞ்சள் பூத்து நின்றது.

மஞ்சள் பூத்ததற்குக் காரணம் இரும்புச் சத்து கிடைக்காமை. நம் செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம் என்று வியப்போம். இரும்பு மண்ணில் இருக்கிறது, கரைவதில்லை. ஓர் இரும்பு அயனி மூன்று ஹைட்ராக்சில் அயனிகளைப் பற்றிக்கொண்டு படிந்துவிடும் இயல்புடையது. ஆகவே பி.எச். ஒரு படி ஏறி ஹைட்ராக்சில் பத்து மடங்கானால், கரைந்து நிற்கும் இரும்பு பத்தில் ஒரு பங்கன்று, பத்தை மும்முறை பெருக்கிய ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. இரண்டு படி ஏறினால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. செடி தன் வேரிலிருந்து சில பொருள்களைச் சுரந்து ஓரளவு சமாளிக்கும், எனினும் 8.9 என்னும் இடத்தில் அதன் சாமர்த்தியம் செல்லாது. அந்த மூலைக்கு அன்னபேதி உப்பைக் கரைத்து இலைமேல் தெளிப்பதும், சோடியத்தை வெளியேற்ற ஜிப்சம் இட்டு நீர் கட்டி வடிப்பதும் உரிய மருந்து. மற்ற மூன்று மூலைகளுக்கு அவை வேண்டா. சராசரி எடுத்தவர் நோயையும் மறைத்தார், மருந்தையும் மறைத்தார்.

பி.எச். எண்களைச் சராசரி எடுப்பது நீரிலும் தவறே. 11 உடைய ஒரு குடமும் 9 உடைய ஒரு குடமும் காஸ்டிக் நீராகக் கலந்தால் 10 வராது. லிட்டருக்கு 0.001 மோலும் 0.00001 மோலும் கூடிப் பாதியாகி 0.000505 மோல், பி.ஓ.எச். 3.30, பி.எச். 10.70. வலியது மெலியதை ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது. செறிவுகளைத்தான் கூட்டி வகுக்கலாம், அடுக்குகளை அல்ல. மண்ணுக்கு அதுவும் கூடாது. மண் தன்னுள் காரத்தையும் அமிலத்தையும் தாங்கி நிற்கும் சேமிப்புடையது. ஒரு கொல்லையில் வேறாகத் தோன்றும் பகுதியின் மண்ணை வேறாகவே சோதிக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் அளப்பதற்குச் சங்கம் ஒரு கருவி வாங்கவேண்டும் என்று முன்னரே சிலர் கூறியபோது, நிறம் மாறும் தாள் போதும் என்று நிர்வாக சபையில் மறுத்தார்கள். சாய நீரில் தோய்த்த தாள் சாயத்தின் நிறத்தைத்தான் காட்டும். இதை அறிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. இதே இக்கட்டு 1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எழுந்தது. கலிபோர்னியப் பழத்தோட்டக்காரர்களின் கூட்டுறவு அமைப்பு ஒன்று எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முயன்றது. சாற்றில் சேர்த்த கந்தக டை ஆக்சைடு தாளின் நிறத்தை வெளுத்தது. அக்காலத்து மின்வாய்களையும் கெடுத்தது. அங்கே வேலை பார்த்த வேதியியலர், தம்முடன் கல்லூரியில் படித்த ஆர்னால்டு பெக்மனிடம் சென்று முறையிட்டார். பெக்மன் கண்ணாடி மின்வாயோடு ஒலிபெருக்கிக் குழாய்களை இணைத்து ஒரு கருவியைச் செய்து கொடுத்தார். இன்று உலகமெங்கும் வழங்கும் பி.எச். கருவிக்கு அதுவே மூலம். உழவர்களின் கூட்டுறவு ஒன்று கேட்டுப் பிறந்த கருவியை, மற்றோர் உழவர், நெசவாளர் கூட்டுறவு வாங்குவதற்குத் தயங்குவது எனக்கு வியப்பாக இருக்கிறது. இப்பொழுது அது சட்டைப்பையில் அடங்குகிறது, மின்கலத்தில் ஓடுகிறது.

ஆனால் கருவி மட்டும் வாங்கிப் பயனில்லை. 4, 7, 9.2 என்னும் குறித்த எண்ணுடைய தாங்கற்கரைசல்களில் அதை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். முனை உலராமல் ஈரமாக வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, சோடியம் மிகுந்த வன்காரத்தில், பன்னிரண்டுக்கு மேல், சாதாரணக் கண்ணாடி முனை உண்மையைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். எடைக் கணக்கு 13 என்று சொல்லி, கருவி 12.6 என்று காட்டினால் கருவியை அப்படியே நம்பலாகாது. மூடி திறந்து கிடந்த பீப்பாயிலுள்ள காஸ்டிக் சோடா காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சியிருந்தால் அங்கே எடைக்கணக்கு பிழையாகும். கருவி அதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டையும் அருகருகே எழுதினால் எது தவறு என்பது தானே விளங்கும்.

எனவே வரும் மகாசபையில் நான் முன்மொழிய இருப்பது இது. கருவி ஒன்றும் தாங்கற்கரைசல் மூன்றும் சங்கச் செலவில் வாங்கவேண்டும். ஒவ்வொரு சாயத்தொட்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் ஐந்து பத்திகள்: நீரின் லிட்டர், இட்ட காரத்தின் கிராம், கணக்கிட்ட பி.எச்., அளந்த பி.எச்., சேர்த்த அமிலத்தின் கிராம். உழவர்க்கு வேறொரு புத்தகம். அதில் கொல்லையின் பகுதிதோறும் தனித்தனி எண், சராசரி என்ற பத்தியே இராது. கணக்கிடக் கற்றுக்கொள்ள விரும்பும் அங்கத்தினர்களுக்கு மகாசபை முடிந்த பின் இரண்டு மணி நேரம் நானே சொல்லித்தர இருக்கிறேன். வருவோர் தத்தம் தொட்டி நீரையோ கிணற்று நீரையோ நன்றாகக் கழுவிய பிளாஸ்டிக் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி, மூடி இறுக்கிக் கொண்டுவரவும். மேலே காற்றுக்கு இடம் விட்டால் கரியமில வாயு புகுந்து எண் மாறிவிடும். புட்டியின்மேல் பெயரையும், நீர் எடுத்த நேரத்தையும், அப்பொழுது அது சூடா குளிர்ச்சியா என்பதையும் எழுதி ஒட்டவும்.